ஒன்பதாவது கேள்வி

எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். வாயைத் திறந்தால் நான் நன்றாகப் பேசிவிடுவேன், அதுதான் சிக்கல். பதினாறு வருடமாக அதுதானே தொழில். நீங்கள் பேனாவும் ஆறு தாளும் கொடுத்திருக்கிறீர்கள். தேநீரும் கொடுத்தீர்கள். கொஞ்சம் ஆறிப்போயிருந்தது, பரவாயில்லை.

எங்கள் கம்பெனி வீட்டுக்கு வீடு போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்கிறது. ஃபில்டர் நல்ல ஃபில்டர்தான், அதை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் என் வேலை ஃபில்டர் விற்பது இல்லை ஐயா, ஃபில்டர் விற்க ஆள் சேர்ப்பது. ‘அலுவலக வேலை, அனுபவம் தேவையில்லை, உடனே சேரலாம்’ என்று விளம்பரம் போடுவோம். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் யாருக்கும் முகம் கொடுக்க முடியாமல் இருக்கிற பிள்ளைகள் வருவார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள். சான்றிதழை நாங்கள் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டோம்.

இருபது பேர் வருவார்கள் என்றால் பன்னிரண்டு நாற்காலிதான் போடச் சொல்வேன். நிற்கிறவனுக்கு உட்கார்ந்தவனைப் பார்த்துப் பொறாமை. உட்கார்ந்தவனுக்கு, எழுந்தால் இடம் போய்விடுமே என்று பயம். அதிலும் நான்கு பேர் எங்கள் ஆட்கள். புதிதாக வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டு சரியான இடத்தில் கைதட்டுவார்கள். கதவைப் பூட்ட மாட்டோம், பூட்டினால் தப்பாகிவிடும். வரும்போதே பைகளை வாங்கி முன்னால் மேடைக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவோம், அவ்வளவுதான். எழுந்து போக நினைக்கிறவர் அத்தனை பேர் முன்னாலும் நடந்துவந்து பையை எடுக்க வேண்டும். அப்படி நடந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதெல்லாம் மேனேஜர் கொண்டுவந்த ஏற்பாடு. நான் கொண்டுவந்தது ஒன்பதாவது கேள்வி.

சேரும் படிவத்தில் முன்பு எட்டுக் கேள்விகள்தான் இருந்தன. பெயர், வயது, முகவரி, ரத்த வகை என்று போகும். நான் ஒன்று சேர்த்தேன். ‘நீங்கள் ஒரு முடிவு எடுத்தால் “வேண்டாம்” என்று முதலில் சொல்லக்கூடியவர் யார்? அவருடைய போன் நம்பர்?’ பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். அம்மா, மாமா, காதலன், பழைய டீச்சர். ஒருத்தி பக்கத்து வீட்டுத் தையல்காரியை எழுதினாள். எங்கள் தொழிலில் ஒரு பிள்ளையைச் சம்மதிக்க வைப்பது பெரிய காரியமே இல்லை. வீட்டுக்குப் போய் யாரோ ஒருத்தர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் வராமல் நின்றுவிடுகிறார்களே, அந்த ஒருத்தர்தான் தலைவலி. அவர் யார் என்று பிள்ளையே தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். மேனேஜருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. மற்றக் கிளைகளின் படிவத்திலும் அச்சடித்துவிட்டார்கள். என் பெயரை எங்கும் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்கிற அந்தப் பெண் வந்த நாளில் பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, சுவரோரமாக நின்ற ஒரு பெண்ணுக்கு இடம் கொடுத்தாள். பதினாறு வருடத்தில் அந்த அறையில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. இதை நீங்கள் நம்ப வேண்டும். வயது பத்தொன்பது, ஒல்லி, தடித்த கண்ணாடி, சிரித்தால் வாயை மூடிக்கொள்வாள்.

சேர்ந்த பிள்ளைகள் எங்கள் விடுதியிலேயே தங்க வேண்டும். மூன்றாம் நாள் எல்லோருக்கும் புதுப்பெயர் வைப்போம். வீட்டுப் பெயரோடு வீட்டு ஞாபகமும் போகட்டும் என்று. ஒருத்தன் ராக்கெட், ஒருத்தி சுனாமி. அவளுக்கு மின்னல் என்று நான்தான் வைத்தேன். சாப்பிடவே அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிற பெண்ணுக்கு மின்னல் என்று பெயர் வைத்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒன்பதாவது கேள்விக்கு அவள் ‘அண்ணன்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்திலேயே, இடம் போதாமல் ஓரத்தில் மடக்கி, இதையும் எழுதியிருந்தாள்: ‘ஆனால் அவன் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்ப்பான். கொஞ்ச நேரத்தில் எனக்கே வேண்டாம் என்று தோன்றிவிடும்.’

நான் இந்தக் கம்பெனிக்கு வந்தபோது எனக்கும் பத்தொன்பது வயதுதான். என் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. “தங்க இடம் குடுப்பாங்களா?” கொடுப்பார்கள் என்றதும் என் பெட்டியை அவரே தூக்கிவந்து வாசலில் வைத்தார். ஒளிப்பானேன், அந்தப் பெண் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை அண்ணனுக்குப் போன் செய்தேன். என் போன் குரல் நல்ல குரல்.

“உங்க தங்கச்சி இங்க பயிற்சியில நல்லா பண்றாங்க தம்பி. வீட்டுல ஒருத்தர்கிட்ட பேசிடறது எங்க வழக்கம்.”

“சரிங்க மேடம். சாப்பிடறாளா?”

“நல்லா சாப்பிடறாங்க. உங்களுக்கு எப்போ பேசினா வசதி?”

“சாயங்காலம் எப்பவும் பேசலாம். காலையில பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மட்டும் முடியாது. லிஃப்ட் வேலைங்க எனக்கு. லிஃப்ட்டோட தலைமேல நின்னுதான் மேல போகணும், கீழ வரணும். ஒரு கை பட்டன்ல, ஒரு கை பிடியில. போன் வெளிய பைக்குள்ள கிடக்கும். கொண்டுபோகக் கூடாதுன்னு விதி.”

“அதுவும் நல்லதுதான் தம்பி. ஜாக்கிரதையா இருங்க.”

அம்மா இறந்ததிலிருந்து தங்கையைத் தான்தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். கேட்காமலே சொன்னார். தனியாக வேலை செய்கிறவர்கள் அப்படித்தான், காது கொடுத்தால் கொட்டிவிடுவார்கள்.

எங்கள் பயிற்சியில் காலை பத்தரை மணிக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, ஒன்பதாவது கேள்விக்கு எழுதிய ஆளை ஸ்பீக்கரில் கூப்பிட வேண்டும். நல்ல சேதியைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று அதற்குப் பெயர். எழுதப்பட்ட ஆளிடம் நான் முன்பே பேசி வைத்திருப்பேன். அம்மாவாக இருந்தால் அழவைக்கலாம், மாமாவாக இருந்தால் திட்டவைக்கலாம், காதலனாக இருந்தால் சந்தேகப்பட வைக்கலாம். அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொந்தக்காரர் கத்தினால், பிள்ளை வெட்கத்தில் எங்கள் பக்கம் நகர்ந்துவிடும். இந்தப் பெண்ணுக்கு எதுவுமே செய்யத் தேவைப்படவில்லை. பத்தரைக்கு அவள் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அறையே வாய்விட்டு எண்ணியது, எத்தனை மணி அடிக்கிறது என்று.

“அவன் இப்படிப் பண்ண மாட்டான்கா,” என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். காலையில் அந்த நேரத்தில் அண்ணன் எங்கே நிற்பார், போன் எங்கே கிடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டில் அவர் வேலையைப் பற்றிப் பேசுகிறவர் இல்லையாம்.

“வேலையா இருப்பாரும்மா,” என்றேன்.

அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. வேண்டுமானால் அந்தக் குழுவில் இருந்த யாரையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.

மற்ற நேரமெல்லாம் எல்லோருடைய போனும் பச்சை இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். சாவி என்னிடம். சாயங்காலம் பெட்டி அதிர்ந்துகொண்டே இருக்கும். அவளுடைய அண்ணன் ஒரே வாரத்தில் இருபத்துமூன்று முறை கூப்பிட்டிருந்தார். திரையில் வந்ததை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சில முறை நானே எடுத்து, “களைச்சுப் போய்த் தூங்கறாங்க தம்பி, அவங்களே கூப்பிடறேன்னு சொன்னாங்க,” என்று சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

நான்கு வாரத்தில் அவள் ஆளே மாறிப்போனாள். மெதுவாகப் பேசுகிற பெண்தான், ஆனால் வீட்டுக்காரம்மாக்களுக்கு அந்த மெதுவே பிடித்துவிட்டது. அவசரமாக விற்க வருகிறவர்களை நம்பாதவர்கள் இவளை உட்காரச் சொன்னார்கள். இரண்டு தெருக்களை ஒருத்தியாகவே முடித்தாள். என் அறையில் என்னோடு சாப்பிட்டாள். காய்ச்சல் வந்தபோது என் கட்டிலில் படுக்கவைத்தேன். ஒருநாள், “அம்மா இருந்திருந்தா உங்க வயசுதான்கா இருக்கும்,” என்றாள். எனக்கு முப்பத்தைந்துதான் ஆகிறது. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் அண்ணன் நேரில் வந்தார். ஒரு வியாழக்கிழமை மதியம், வேலை உடுப்போடு. நகக்கண்ணில் கிரீஸ். கையில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி. தங்கையின் கண்ணாடி பழையது, தலைவலி வரும், புதிதாகச் செய்துவைத்ததை வாங்காமலே வந்துவிட்டாள் என்றார். அவள் பக்கத்து ஊர்க் கிளைக்குப் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். உண்மையில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் டெமோ காட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தார். அவள் எழுதியது சரிதான். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குக்கூட எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

“சனிக்கிழமை வரேங்க. தனியா வர மாட்டேன். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வருவேன்,” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

படிக்கட்டு வரை நான் அவரோடு போனேன். அங்கே கொஞ்சம் பேசினோம். அதைக் கடைசியில் எழுதுகிறேன். கண்ணாடிப் பெட்டி என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, அவர் விழுந்தார். ஆறு மாடிக் கட்டடம். நான்காம் மாடி உயரத்தில் லிஃப்ட்டின் தலைமேல் நின்றிருந்தார். லிஃப்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாகக் கீழே போய்விட்டார் என்று மேஸ்திரி சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லையாம். அவருடைய போன் திரை உடைந்து பக்கத்தில் கிடந்திருக்கிறது. கடைசியாக வந்த அழைப்பு ‘பாப்பா’ என்ற பெயரில் இருந்தது. தங்கைக்கு அவர் வைத்திருந்த பெயர். நேரம் பதினொன்று ஏழு.

மேஸ்திரி தங்கையின் நம்பருக்குக் கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன். அவள் தெருவிலிருந்து திரும்பியதும் நானே சொன்னேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் உடைந்துபோயிருப்பாள். அடக்கம் முடியும்வரை கூடவே இருந்தேன். அங்கே மேஸ்திரி அவளைத் தனியே அழைத்து, “அந்த நேரத்துல அவனைக் கூப்பிடலாமாம்மா?” என்று கேட்டுவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

“நான் கூப்பிடவே இல்லையேக்கா,” என்று என்னிடம் வந்தாள்.

“காலையில பெட்டியிலேர்ந்து போன் கேட்டு வாங்கினியேம்மா. மறந்துட்டியா?”

“நானா?”

“ஒரு நிமிஷம் அண்ணன்கிட்ட பேசிட்டுத் தர்றேன்னு சொன்ன. எடுக்கலைன்னு திருப்பிக் குடுத்துட்ட. விடும்மா. தெரிஞ்சா பண்ணின?”

எங்கள் பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை. பயிற்சியே அப்படித்தான் அமைத்திருக்கிறோம். அந்த நிலையில் இருக்கிறவரிடம் நேற்று நீ நீலச் சட்டை போட்டிருந்தாய் என்று அமைதியாகச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டை ஞாபகம் வந்துவிடும். அவளுக்கும் வந்தது. இரண்டு நாள் கழித்து அவளே என்னிடம், போன் கையில் சூடாக இருந்தது என்று சொன்னாள். அப்படி ஒரு விவரத்தை நான் சொல்லவே இல்லை.

பதினோராம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் போய் உட்கார்ந்து என்ன செய்வாள், வீடு காலி. அந்த மாதம் கிளையிலேயே அவள்தான் முதல். கூட்டத்தில் அவளை மேடைக்கு ஏற்றினோம். தன் அண்ணனைத் தானே கொன்றுவிட்டதாகவும், அந்தப் பாரத்தை உழைத்துத்தான் இறக்குவதாகவும் அறுபது பேர் முன்னால் பேசினாள். புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். அன்று பையை எடுத்துக்கொண்டு ஒருவர்கூட வெளியே போகவில்லை.

இவ்வளவு செய்தவளுக்கு அவள் என்ன கைம்மாறு செய்தாள் என்று பாருங்கள். டெமோ காட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அட்டை எழுத வேண்டும். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், வீட்டுக்காரரின் கையெழுத்து. பூங்காவில் உட்கார்ந்து பொழுதைப் போக்கிவிட்டு வருகிறவர்களைப் பிடிக்க நான்தான் அந்த அட்டையைக் கொண்டுவந்தேன். பழைய வாடிக்கையாளர்களைத் திரும்பப் பார்க்கப் போவதற்காகப் போன வாரம் அவள் தன் அட்டைகளை அடுக்கியிருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை அட்டை கையில் வந்திருக்கிறது. ஆரம்பம் பத்து ஐம்பது. முடிவு பதினொன்று இருபத்தைந்து. கீழே ஓய்வுபெற்ற ஒரு நர்ஸின் கையெழுத்து.

அதற்குப் பிறகு அவள் என் அறைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். ‘அக்கா, இது என்ன?’ என்று கேட்டிருந்தால் உட்காரவைத்துப் பேசியிருப்பேன். வழக்கம்போலக் காலையில் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஃபில்டர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, நேராக அந்த நர்ஸ் வீட்டுக்குப் போய், அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். என் கட்டிலில் படுத்தவள். முதுகில் குத்துவது என்று சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை.

சரி. படிக்கட்டில் பேசியதற்கு வருகிறேன்.

“தங்கச்சியோட பேசணும், அவ்வளவுதானே தம்பி? நாளைக்குக் காலையில பேச வைக்கிறேன்,” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “எத்தனை மணிக்குங்க?”

“பதினொண்ணுக்கு.”

“பதினொண்ணுக்கு மேல நிப்பேனே. சாயங்காலம் ஆகாதா?”

“ஆகாது தம்பி. பயிற்சியில இருக்கவங்களுக்கு ஒரே ஒரு போன்தான். இந்தத் தடவை விட்டுட்டா அடுத்த மாசம்தான். ஏற்கெனவே நீங்க எடுக்கறதில்லன்னு ரொம்ப அழுதுட்டா.”

“எடுக்கறதில்லையா? நானா?” கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “எடுத்துடறேங்க. சட்டைப் பையில வச்சுக்கறேன். அவகிட்ட சொல்லுங்க, கண்டிப்பா எடுத்துடறேன்னு,” என்றார்.

அப்படி ஒரு போனே கிடையாது என்று உங்களுக்கு இப்போது தெரியும். ‘இன்று விட்டால் இல்லை’ என்பது நாங்கள் எல்லா வீட்டு வாசலிலும் சொல்கிற வார்த்தைதான்.

நேற்று நீங்கள் கேட்டபோது, அவர் எடுக்க மாட்டார் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன் என்று சொன்னேன். விதியை மீற மாட்டார், மணி அடித்து நிற்கும், ‘ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், எடுக்கவில்லை’ என்று தங்கையிடம் சொல்லிக்கொள்ளலாம், அவருக்கும் சனிக்கிழமை வர முகம் இருக்காது, இதுதான் என் எண்ணம் என்றேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். விற்கிறவளுக்கு எதிரில் நிற்பவர் வாங்கப்போகிறாரா இல்லையா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும் ஐயா. பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட நான் தவறாகக் கணித்ததில்லை. படிக்கட்டில் அவர் முகத்தைப் பார்த்தேன். எடுப்பார் என்று எனக்குத் தெரியும். எந்தக் கையால் எடுப்பார் என்றும் தெரியும். பட்டனில் இருக்கிற கையை எடுக்க முடியாது.

பதினொன்று ஏழுக்குப் பெட்டியைத் திறந்தேன். அவளுடைய போனில் அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். “பாப்பா,” என்றார். நான் பேசவில்லை. “பாப்பா, இரு, சத்தமா இருக்கு, கேக்கல, இரு,” என்றார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முழுக்கக் கேட்ட பிறகுதான் வைத்தேன். போனைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த குழுவுக்கு நாற்காலி போடச் சொல்லப் போனேன்.

வருத்தம் இல்லையா என்று கேட்டீர்கள். ஏன் இல்லை? அன்று சாயங்காலம் அவள் தெருவிலிருந்து வந்ததும் நான்தான் அவளை மடியில் போட்டுக்கொண்டு, விடியும்வரை தலையைத் தடவிக்கொடுத்தேன். அழுது அழுது என் புடவை நனைந்துவிட்டது. நீங்களே சொல்லுங்கள் ஐயா, அந்த நேரத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?